ஏரிக்கரையில் யாவரும் செல்லத்தக்க நடைபாதை

ஏரிக்கரை என்பது நமது கிராமங்களில் நீரைத் தடுத்து நிறுத்தும் மண் அணை மாத்திரமன்று. விடியற்காலையில் மதகைப் பார்வையிடச் செல்லும் குடியானவரும், மாலையில் காற்று வாங்கச் செல்லும் முதியவரும், பள்ளி விட்டுத் திரும்பும் சிறுவரும் அதன்மேல் நடந்தே ஊரையும் பயிரையும் அறிந்து வந்திருக்கின்றனர். ஆயினும் நாற்பது ஆண்டுகள் அக்கரையில் நடந்து நீர் பாய்ச்சிய ஒருவர், பக்கவாதத்தினாலோ மூட்டு நோயினாலோ கால் தளர்ந்தவுடன், அதன் பின்னர் தம் ஏரியைக் காண்பதே இல்லை. திண்ணையில் அமர்ந்தபடி மகன் வந்து சொல்லும் நீர்மட்டத்தைக் கேட்டறிவதோடு அவருடைய சம்பந்தம் முடிந்துவிடுகிறது. இத்தகையவர் இல்லாத கிராமம் அரிது. பிறவியிலேயே கண்பார்வையற்ற குழந்தைக்கோ அந்தச் சம்பந்தம் தொடங்குவதேயில்லை.

2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 1 கோடியே 86 லட்சம் பேர் கிராமங்களில் வசிப்பவர்கள். தமிழ்நாட்டில் மாத்திரம் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கணக்கிடப்பட்டனர். முதுமையால் தளர்ந்தவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தையை ஏந்திச் செல்லும் தாய்மார்களும் இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே, ஊரின் இயற்கைக் காட்சிகளை எல்லோரும் சென்று அநுபவிக்கத்தக்க பாதை ஒன்றை அமைப்பது பட்டணத்துப் பூங்காக்களுக்கு மட்டுமே உரிய ஆடம்பரம் என்று எண்ணுவது தவறு.

பாசன வேலையில் பழகியவர்களுக்கு இதன் அடிப்படைத் தத்துவம் புதிதன்று. ஒரு மைல் நீளமுள்ள வாய்க்காலை எவ்வளவு செம்மையாக வெட்டியிருந்தாலும், நடுவே ஓரிடத்தில் ஓரடி மேடு நின்றுவிட்டால் கடைமடைக்கு நீர் செல்வதில்லை. மீதியிருக்கும் வாய்க்கால் முழுவதும் வீண். பாதையும் அவ்வாறே. இரண்டாயிரம் அடி நீளத்துக்கு நிழலும் ஆசனமும் அமைத்துவிட்டு, கலிங்கின் அருகில் இரண்டே படிகளை விட்டுவைத்தால், சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அப்பாதை அந்த இரண்டு படிகளோடு முடிந்துவிடுகிறது. பணமிருந்தும் பாதைகள் பயனற்றுப் போவது பெரும்பாலும் இத்தகைய ஒன்றிரண்டு இடங்களினாலேயே. அலங்காரத்தைப் பின்னுக்குத் தள்ளி, மேடு, பள்ளம், இடுக்கு ஆகிய இவற்றை முதலில் தேடிச் சரிசெய்ய வேண்டும்.

பிற நாடுகளின் அநுபவம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகருக்கு அருகேயுள்ள அரசாங்கக் காட்டில், 1967-ஆம் ஆண்டில், ராபர்ட் லூயிஸ் என்னும் ஆசிரியரின் முயற்சியால் கண்பார்வையற்றோருக்கென ஒரு சிறு காட்டுப்பாதை அமைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழக் கால் மைலே. வழிநெடுகக் கட்டப்பட்ட கயிற்றைக் கையால் பற்றிக்கொண்டு நடப்பவர், ஆங்காங்கே நின்று பிரெயில் எழுத்தில் அமைந்த பலகையைத் தடவி, அவ்விடத்து மரத்தையும் பாறையையும் ஆற்றொலியையும் தாமே அறிந்து செல்லலாம். துணைக்கு வந்தவர் சொல்லக் கேட்பது வேறு, தாமே தொட்டறிவது வேறு என்பதை அப்பாதை தெளிவாக எடுத்துக் காட்டிற்று. அதே 1967-ஆம் ஆண்டில், ஜப்பானில் ஸெய்ச்சி மியாக்கே என்பவர் வகுத்த புடைப்புக் கற்கள் ஓகாயாமா நகரத்துத் தெருவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இன்று நமது ரயில் நிலைய மேடைகளில் காணப்படும் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்கள் அவற்றின் வழி வந்தவையே.

காட்டுப்பாதைகளுக்கான அளவுகளை அமெரிக்க அரசாங்கம் 2013-ஆம் ஆண்டில் விதிகளாக வெளியிட்டது. அவற்றுள் நமக்குப் பயன்படத்தக்கவை சிலவே. பாதையின் தடையற்ற அகலம் 3 அடிக்குக் குறையலாகாது. அகலம் 5 அடிக்குக் குறைந்த பாதையில், ஆயிரம் அடிக்கு ஓரிடத்திலேனும் இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல 5 அடிச் சதுரமான இடம் விடப்பட வேண்டும். தலைக்கு மேல் 6 அடி 8 அங்குல உயரம் வரை கிளையோ கம்பியோ நீட்டிக்கொண்டிருக்கலாகாது. சரிவைப் பற்றிய விதி இன்னும் முக்கியமானது: 20 அடி நீளத்துக்கு 1 அடி ஏறுகின்ற சரிவு எவ்வளவு தூரமும் இருக்கலாம், 12-க்கு 1 ஆனால் 200 அடிக்கு மேற்படலாகாது, 10-க்கு 1 ஆனால் 30 அடி, 8-க்கு 1 ஆனால் 10 அடி மாத்திரமே. செங்குத்தான துண்டு ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் இளைப்பாறச் சமதளம் வேண்டும். இவை பலவித மலைச்சரிவுகளை உத்தேசித்து எழுதப்பட்டவை. ஏரிக்கரையின் மேற்பரப்பு பெரும்பாலும் சமமாயிருப்பதால் நமது வேலை அதைவிட எளிது. தொல்லையெல்லாம் கரைமேல் ஏறுமிடத்தில்தான்.

கரைமேல் ஏறும் சரிவு

பத்தடி உயரமுள்ள கரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12-க்கு 1 என்ற சரிவில் ஏறுவதற்கு 120 அடி நீளம் தேவை. 20-க்கு 1 ஆனால் 200 அடி. இடம் கிடைக்குமாயின் பின்னதே சிறந்தது. ஏனெனில் 12-க்கு 1 என்பது நல்ல புஜபலமுள்ளவர் தாமே தள்ளிச் செல்லக் கூடியதே ஒழிய, முதியவருக்கோ அவரைத் தள்ளிச் செல்லும் மனைவிக்கோ எளிதன்று. இந்நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. சரிவைக் கரைக்குச் செங்குத்தாக வயலுக்குள் நீட்டாமல், கரையின் வெளிப்புறத்தை ஒட்டியே நீளவாட்டில் ஏற்றினால், புறம்போக்கு எல்லைக்குள்ளேயே பல இடங்களில் அடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சரிவுக்காகக் கரையை எக்காரணத்தாலும் வெட்டலாகாது. வெளியிலிருந்து மண் கொணர்ந்து சேர்க்க வேண்டுமேயன்றி, உள்ள மண்ணைக் குறைக்கலாகாது. பழைய சரிவின் புல்லையும் வேரையும் நீக்கி, படிபடியாகக் கொத்திவிட்டு, அதன்மேல் அரையடிக் கனமுள்ள அடுக்குகளாக மண்ணைப் பரப்பி, ஈரப்படுத்தி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்கினால் புதுமண் பழைய மண்ணோடு ஒன்றுபடும். அவ்வாறின்றி வண்டி வண்டியாகக் கொட்டிச் சரித்துவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே அது தனியே வழுக்கி இறங்கும். கரைக்குப் பொறுப்பான துறையின் எழுத்து மூலமான அநுமதி பெறாமல் எந்த ஊராட்சியும் இவ்வேலையைத் தொடங்கலாகாது என்பதும், புறம்போக்கின் எல்லையைக் கிராம நிர்வாக அலுவலர் முதலில் அளந்து கல் நாட்ட வேண்டுமென்பதும் சொல்லாமலே விளங்கும்.

சரிவை அளக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கோணலற்ற பத்தடிச் சட்டம் ஒன்றும் கொத்தனாரின் ரசமட்டமும் போதுமானவை. சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப்புறத் தரையில் வைத்து, மட்டம் வரும்வரை மற்ற முனையை உயர்த்தி, அம்முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 6 அங்குலமாயின் சரிவு 20-க்கு 1. 10 அங்குலமாயின் 12-க்கு 1. 15 அங்குலம் வந்தால் 8-க்கு 1. கண்ணால் பார்த்து மதிப்பிடுவது இதில் உதவாது. நடப்பவர் கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் இடத்தில் நாற்காலி தானே உருள்வதைக் காணலாம்.

குறுக்குச் சரிவையும் மறக்கலாகாது. மழைநீர் வடிவதற்கு அது வேண்டும். ஆனால் மிகுந்தால் நாற்காலி பள்ளத்தின் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், கரைமேல் இது அபாயம். மண் அல்லது சரளைப் பாதையில் 20-க்கு 1, அதாவது 5 அடி அகலத்துக்கு 3 அங்குலம், என்பதே மேல் எல்லை.

தரை

பாதையின் தரை இறுகியும் அசையாமலும் இருக்க வேண்டும். கூழாங்கல் கண்ணுக்கு அழகு. ஆனால் உருண்டைக் கற்கள் ஒன்றோடொன்று பிடிப்பதில்லையாதலால் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் அதில் புதைந்துவிடும். உடைத்த கல்லின் முனைகளே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முக்கால் அங்குலத்துக்குட்பட்ட உடைகல்லை அதன் தூளுடனேயே பரப்பி, நீர் தெளித்து உருளை ஓட்டினால், சிமெண்டின் செலவில்லாமலே திடமான தரை கிடைக்கும். நல்ல செஞ்சரளை கிடைக்கும் பிரதேசங்களில் அதுவும் போதும். கரிசல் மண் பூமியில் மாத்திரம் விசேஷ கவனம் தேவை. அது மழையில் உப்பியும் கோடையில் வெடித்தும் மேல்தளத்தைப் பிளந்துவிடும் இயல்புடையது. மேலே உள்ள கரிசலை எடுத்துவிட்டுச் சரளையால் கனமாக அடித்தளம் நிரப்பாமல் அங்கே பாதை நிலைப்பதில்லை.

பாதை முழுவதும் சிமெண்ட் போடுவதே சிறந்தது என்று சிலர் கருதுகின்றனர். சரிவுகளுக்கு அது தக்கதே. ஆனால் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வருபவர்க்கு அது சுடும். மங்கிய பார்வையுடையவர்க்கு அதன் வெண்கூச்சம் கண்ணைப் பறிக்கும். தரை தக்கபடி இறுகியதா என்று அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. நல்ல மழை விட்ட மறுநாள் ஒரு மிதிவண்டியை அதன்மேல் தள்ளிச் சென்று பார்த்து, சக்கரத்தின் தடம் ஆழப் பதியுமிடங்களைக் குறித்துக்கொண்டு மீண்டும் இறுக்க வேண்டும்.

கால்நடையும் கதவும்

குடியானவர்கள் நியாயமாகவே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: பாதையைத் திறந்துவிட்டால் ஆடுமாடுகள் வயலில் இறங்காதா? இதற்காக இரு கற்களை நெருக்கமாக நட்டு ஆள் மாத்திரம் நுழையும்படி விடுவதும், ஏறியிறங்கும் படிக்கல் வைப்பதும் ஊர்களில் வழக்கம். மாட்டைத் தடுக்கும் அவை நாற்காலியையும் அவ்வாறே தடுத்துவிடுகின்றன. பள்ளம் தோண்டி மேலே கம்பிகளைக் குறுக்கே போடும் முறையோ, ஊன்றுகோல் உடையவர்க்கும் கண் தெரியாதவர்க்கும் காலை முறிக்கத்தக்கது. ஏற்றது யாதெனில், 3 அடி அகலமுள்ள இலேசான கதவொன்று, தானே சாத்திக்கொள்ளும்படி சற்றே சாய்வாகத் தொங்கவிடப்பட்டு, அதன் தாழ்ப்பாள் தரையிலிருந்து 3 அடி உயரத்தில், ஒரு கையால் நீக்கக்கூடியதாய் அமைவதே.

மோட்டார் சைக்கிள்களைத் தடுக்கும் வழிதான் கடினம். நாற்காலி நுழையும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும். கல் நட்டு இதைத் தீர்க்க முடியாது. ஊராட்சியின் கண்டிப்பும் ஊராரின் கண்காணிப்புமே இதற்குப் பரிகாரம். இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய வண்டிகளில் வரும் மாற்றுத்திறனாளிகளைப் பாதையின் தொடக்கம் வரை வந்து நிறுத்த அநுமதித்து, அதற்கான நிழலிடம் விடுவதும் அவசியம்.

தொட்டும் முகர்ந்தும் கேட்டும் அறிதல்

கண்ணால் காணாதவர்க்கு ஏரிக்கரையில் என்ன இன்பம் என்று கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருநாள் அங்கே நின்று பார்க்கலாம். கலிங்கில் நீர் விழும் ஓசை, அரசிலையின் சலசலப்பு, மூங்கில் உராயும் ஒலி, அறுவடை வயலின் வைக்கோல் மணம் எல்லாம் இடத்துக்கிடம் மாறி வழிகாட்டுவதை உணரலாம். செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் ஏரி இதற்குச் சிறந்த உதாரணம். அவ்வூர்க் குடியானவர்களின் வேண்டுகோளின்மேல் 1798-ஆம் ஆண்டளவிலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் அங்குப் பறவைகளைச் சுடலாகாது என்று பாதுகாப்பு அளித்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை நீர்க்கடம்ப மரங்களில் கூடுகட்டும் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வக்கா முதலியவற்றின் ஆரவாரம் காட்சிக்குச் சற்றும் குறைந்ததன்று. அத்தகைய இடத்தில் கேட்பதற்கென்றே நிழலில் ஓர் ஆசனம் அமைத்தால் கண்ணுடையவரும் அதை நாடுவர்.

கண்பார்வையற்றோருக்கு வழிகாட்ட ஆஸ்பெனில் போலக் கயிறு கட்டலாம். ஆனால் நமது மழைக்கும் வெயிலுக்கும் தென்னங்கயிறு விரைவில் நைந்து சிம்பு கிளம்பிக் கையைக் குத்தும். அதைவிடப் பாதையின் ஓரத்தில் 3 அங்குல உயரத்துக்குச் செங்கல் அல்லது கல் விளிம்பு கட்டி, நீர் வடிய ஆங்காங்கே சிறு வழி விட்டால், வெண்கோலின் நுனி அதைத் தொட்டுக்கொண்டே செல்லும். நாற்காலியும் சரிவில் இறங்காமல் தடுக்கப்படும். நின்று பார்க்க வேண்டிய இடம் வருமுன் பாதையின் குறுக்கே இரண்டடி அகலத்துக்குச் சொரசொரப்பான கற்பலகை பதித்தால் கால் அதை உணர்ந்துகொள்ளும். அவ்விடத்தில் பிரெயில் எழுத்திலும் பெரிய அச்செழுத்திலும் பலகை வைக்க வேண்டும். பிரெயில் படிக்காத முதியவர்களே ஊர்களில் பலராதலால், சொல்லிக் காட்டுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். அவர் விருந்தினரின் கையைப் பிடித்து இழுக்கலாகாது. தம் முழங்கையை விருந்தினர் பற்றிக்கொள்ளும்படி விட்டு அரையடி முன்னே நடப்பதே முறை.

செடிகளைத் தெரிந்தெடுப்பதில் குடியானவர்களின் அறிவுக்கு நிகர் வேறில்லை. வெடித்த வேப்பம்பட்டை, வழவழப்பான மருதம்பட்டை, உப்புத்தாள் போன்ற தேக்கிலை, ஆலின் விழுது ஆகியவை தொட்டறியத் தக்கவை. துளசி, நொச்சி, மருக்கொழுந்து, வெட்டிவேர், மகிழம்பூ ஆகியவை மணத்தால் அறியத்தக்கவை. இவற்றை நெருக்கமாக ஒரே இடத்தில் குவித்தால் ஒன்றின் மணம் மற்றொன்றை மறைக்கும். துளசி, வெட்டிவேர் போன்ற சிறு செடிகளை இரண்டடி உயரமுள்ள மேடைகளில் வைத்தால் அமர்ந்திருப்பவரும் குனியாமல் தொடலாம்.

விலக்க வேண்டியவையோ இவற்றினும் முக்கியம். அழகுக்காக எங்கும் நடப்படும் அரளி முழுவதும் விஷம். தொட்டு முகரச் சொல்லப்பட்ட குழந்தை அதை வாயிலும் வைக்கும். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணைக் கெடுப்பவை. சேங்கொட்டை தோலைக் கொப்புளிக்கச் செய்யும். பூனைக்காலியின் சுணை தாங்கொணா அரிப்பைத் தரும். பார்த்தீனியம் பலருக்குத் தோல் நோயும் மூச்சிரைப்பும் உண்டாக்குவது. வேலிக்கருவையின் ஒரு முள் நாற்காலியின் சக்கரத்தைக் காற்றிழக்கச் செய்து, வந்தவரைப் பாதி வழியில் நிறுத்திவிடும். தென்னையின் கீழும் பனையின் கீழும் ஆசனம் போடலாகாது. தேன்கூடு உள்ள கிளையைக் கண்டால் பாதையையே சற்று விலக்குவது நலம். பெரு மரங்களைக் கரையின்மேல் நடாமல் வெளிப்புற அடிவாரத்துக்கு அப்பால் நடவேண்டும். ஆழப் பாயும் வேர்கள் பட்டுப்போனபின் அவற்றின் வழியே நீர் கசிந்து கரைக்குக் கேடு விளையும்.

ஓசையும் கூட்டமும் சிலருக்கு இன்பமாவதற்குப் பதிலாகத் துன்பமாகின்றன. ஆட்டிசம் எனப்படும் நரம்பு வளர்ச்சி வேறுபாடுடைய குழந்தைகளுள் பலர் திடீர் ஒலியையும் கூசும் ஒளியையும் கடுமையான வாசனையையும் தாங்கமாட்டார். எதிர்பாராதது நிகழ்ந்தால் கலங்குவர். இதைப் பிடிவாதமென்றோ வளர்ப்புக் குறையென்றோ நினைப்பது அறியாமை. இவர்களுக்காகச் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாயிலிலேயே, முதலில் மதகு, பின்னர் ஆலமரம், அதன்பின் பறவைகள் என்று வருவனவற்றைப் படமாக வரிசையாய் எழுதிவைக்கலாம். மூன்று பக்கம் செடி சூழ்ந்த ஒதுக்கிடம் ஒன்றும், பாதி வழியிலேயே திரும்பிவிடக் குறுக்குவழி ஒன்றும் வைக்கலாம். ஒலிபெருக்கியை அறவே விலக்கலாம். சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பறவைக்கு உகந்த அமைதி இக்குழந்தைகளுக்கும் உகந்ததே.

ஆசனங்கள் ஒன்றரை அடி உயரமும், சாய்மானமும், எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடியும் உடையனவாய் இருக்க வேண்டும். பக்கத்தில் 3 அடிக்கு 4 அடி வெற்றிடம் விட்டால் நாற்காலியில் வந்தவர் தம் வீட்டாருக்கு அருகிலேயே நின்று உரையாடலாம். நமது வெயிலுக்கு 200 அடிக்கு ஒன்று வீதம் நிழலில் ஆசனம் வேண்டும்.

வாயிற்பலகை

‘யாவரும் வரலாம்’ என்று பொதுப்பட எழுதி வைப்பதால் ஒரு பயனுமில்லை. மேற்கூறிய அமெரிக்க விதிகளுள் மிகவும் பாராட்டத்தக்கது, பாதையின் நீளம், தரையின் தன்மை, சாதாரண அகலம், மிகக் குறுகிய அகலம், சரிவின் அளவு ஆகியவற்றை வாயிலிலேயே உள்ளபடி எழுதிவைக்க வேண்டுமென்பது. ‘நீளம் 1,800 அடி, தரை இறுகிய சரளை, மிகக் குறுகிய அகலம் 3 அடி, கலிங்கின் அருகில், கடுஞ்சரிவு 12-க்கு 1, நீளம் 60 அடி’ என்று கண்டால், தம்மால் இயலுமா, துணை வேண்டுமா என்பதை வருபவரே தீர்மானித்துக்கொள்வார். இயலாத ஓர் இடம் இருப்பின் அதை மறைக்காமல் எழுதுவதே நேர்மை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொழுதுபோக்கிலும் கலையிலும் மற்றவர்க்குச் சமமாகப் பங்குகொள்ள இவர்களுக்கு உரிமை அளிக்கிறது. அணுகுதற்குரிய அளவுகளை வெறும் சிபாரிசாக விட்டுவிடலாகாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே புதிதாகப் பாதை போடும் ஊராட்சி இதைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்வது விவேகம். போட்டபின் இடித்துத் திருத்துவது இரட்டைச் செலவு.

பராமரிப்பு

சென்னை மெரீனா கடற்கரையில் நாற்காலியில் வருபவர்கள் அலையருகே செல்வதற்காக 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை 2022 நவம்பர் 27-ஆம் தேதி திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைத் தொட்டவர்கள் அன்று பலர். இரண்டு வாரத்திற்குள், டிசம்பர் 9-ஆம் தேதி இரவு கரை கடந்த மாண்டஸ் புயலில் அதன் கடற்புற முனை சேதமடைந்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. ஏரிக்கரைக்கு அலையில்லையென்றாலும் வடகிழக்குப் பருவமழை உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தில், வாய்க்கால் செப்பனிடும் போதே, பாதையின் அரிப்புகளை நிரப்பி, விளிம்பின் நீர்வழிகளைத் திறந்து, முள்ளையும் தாழ்ந்த கிளைகளையும் வெட்டி, கதவின் கீலுக்கு எண்ணெயிட வேண்டும். இதற்கென ஒரு சிறு தொகையை ஊராட்சி ஆண்டுக் கணக்கில் ஒதுக்காவிடில், மூன்றாம் ஆண்டில் பாதை ஒற்றையடித் தடமாகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது இன்னொன்று. உத்தேசிக்கும் வழி முழுவதும் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஊரிலுள்ள நாற்காலியில் செல்லும் ஒருவரையும், கண்பார்வையற்ற ஒருவரையும், ஊன்றுகோல் பிடித்த முதியவர் ஒருவரையும் அழைத்து, ஊராட்சித் தலைவரும் கொத்தனாரும் உடன்செல்ல, அக்கோட்டின்மேல் நடந்து பார்க்க வேண்டும். அவர்கள் எங்கெங்கே நிற்க நேர்கிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சி நடவேண்டும். மாலையில் அக்குச்சிகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் மண்ணும் கல்லும் ஆள்கூலியும் எழுதினால் அதுவே எஸ்டிமேட்.